வட்டப்பேரும் வசவும்: அரசியல் பட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு சின்னப் படிப்பகத்தைச் சாயங்காலம் திறந்து, ராத்திரி எட்டரைக்குப் பூட்டுகிறவன் நான். பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால், பேப்பர் படிக்க வருகிறவர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். தேர்தல் நெருங்கினால் எல்லாச் சந்தேகமும் ஒன்றாகிவிடும்: இவன் என்னை இப்படிச் சொன்னானே, அதற்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டியதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

வட்டப்பேருன்னா என்ன, கட்சிப் பேருன்னா என்ன? ரெண்டும் பேருதானே சாரே?

தானாக வைத்துக்கொண்டது கட்சிப் பேர். எதிராளி வைத்தது வட்டப்பேர். ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே இதையே பட்டப்பேர் என்பார்கள். ஊரில் ஆளுக்கு வைக்கிற வட்டப்பேருக்கும் அரசியலில் வைக்கிற வட்டப்பேருக்கும் வேலை ஒன்றுதான். ஒருவனைப் பற்றிப் பத்து வாக்கியம் பேச வேண்டிய இடத்தில் ஒரு சொல்லைப் போட்டு முடித்துவிடுவது. கேட்கிறவன் சிரித்துவிட்டால் மீதி ஒன்பது வாக்கியத்தை யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு. ஊர் வட்டப்பேர் ஆளைத்தான் ஒட்டும். அரசியல் வட்டப்பேர் அவன் சேக்காளி, அவன் படிக்கிற பத்திரிகை, அவன் பெண் கொடுத்த வீடு வரைக்கும் ஒட்டும்.

இதெல்லாம் வாட்ஸ்அப் வந்த பெறவு வந்த கேடுதானே?

வாட்ஸ்அப் வேகத்தைக் கூட்டியது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் 1679 முதல் 1681 வரை, கத்தோலிக்கரான யார்க் கோமகன் ஜேம்ஸ் பட்டத்துக்கு வரலாமா கூடாதா என்று பெரிய சண்டை. வரலாம் என்றவர்களை எதிராளிகள் 'டோரி' என்றார்கள். அயர்லாந்து மொழியில் வழிப்பறிக்காரனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. வரக்கூடாது என்றவர்களுக்கு 'விக்' என்று பேர் விழுந்தது. அது ஸ்காட்லாந்தில் கலகம் செய்த ஏழைக் குடியானவர்களை இளக்காரமாகச் சொன்ன சொல். திருடன் என்று இவன் அவனையும், பட்டிக்காட்டான் என்று அவன் இவனையும் சொன்னதுதான் பின்னால் இரண்டு பெரிய கட்சிகளின் பெயராக நின்றது. இன்றைக்கும் அந்த நாட்டுக் கன்சர்வேட்டிவ் கட்சியை டோரி என்றுதான் எழுதுகிறார்கள். முந்நூற்று நாற்பது வருடத்துக்கு மேலாக ஒரு வசவு சட்டை மாற்றாமல் நடமாடுகிறது.

நம்ம மாவட்டத்துல இதுக்குப் பழைய உதாரணம் உண்டுமா?

உண்டு. சுவாமித்தோப்பில் இருக்கிறது. ஐயா வைகுண்டர் (1809–1851) பிறந்தபோது பெற்றோர் வைத்த பேர் முடிசூடும் பெருமாள். தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியில் பிறந்தவனுக்கு முடியும் பெருமாளும் எதற்கு என்று மேல்சாதிக்காரர்கள் எதிர்த்ததால் முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று என்பது வரலாறு. ஆக, பெயரே அரசியலாக இருந்த நாடு திருவிதாங்கூர். எவன் எந்தப் பேர் வைக்கலாம், எவள் எந்தத் துணி போடலாம், எவன் வீட்டுக்கு ஓடு போடலாம் என்பதெல்லாம் அரசாங்க விஷயம்.

அப்படிப்பட்ட நாட்டில், 1841இல் எழுதப்பட்ட, வைகுண்டர் வழிவந்தவர்களின் புனித நூலான அகிலத்திரட்டு திருவிதாங்கூர் அரசனைக் 'கலிநீசன்' என்கிறது. வெள்ளைக்காரன் 'வெண்ணீசன்'. நீசன் என்ற சொல் எங்கிருந்து எங்கே போயிற்று என்று கவனியுங்கள். மேலே இருந்தவன் கீழே இருந்தவனைச் சொன்ன சொல் அது. அதை எடுத்து, வரி மேல் வரி போட்டவன் எவனோ அவனே நீசன் என்று அரண்மனையை நோக்கித் திருப்பிவிட்டார்கள். திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்டிருந்தவரின் இயக்கம் இது என்பதை மறக்கக்கூடாது. இன்றும் பதிக்கு (அவர் வழியினர் கும்பிடும் இடம்) போகிற ஆண்கள் தலைப்பாகை கட்டிப் போகிறார்கள். தலையில் துணி கட்டக்கூடாது என்று இருந்த காலத்துக்கு அது பதில். 'கலிநீசன்' வாயால் சொன்ன பதில்.

எனக்குத் தெரிந்து தமிழில் ஆளுகிறவனுக்கு வைத்த வட்டப்பேர்களில் இவ்வளவு கனமானது வேறு இல்லை. இது என் கருத்து. மறுக்கிறவர்கள் படிப்பகத்துக்கு வரலாம்.

எட்டப்பன் நெசமாவே காட்டிக் கொடுத்தானா? அவன் பேரு அப்படியா, நாம வச்சதா?

பேர் எட்டயபுரம் பாளையக்காரர்களின் பரம்பரைப் பட்டம். அப்பாவும் எட்டப்பன், மகனும் எட்டப்பன். முன்னோர் ஒருவர் எட்டுப் பேருக்குத் தகப்பன் மாதிரி நின்றார், அதனால் வந்தது என்று அந்தக் குடும்பக் கதை சொல்கிறது. அதாவது, பாராட்டாக வந்த பேர்.

1799இல் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக்குப் படை கொண்டு வந்தபோது எட்டயபுரத்தார் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) பக்கம் நின்றது உண்மை. இரண்டு பாளையத்துக்கும் எல்லைத் தகராறு அதற்கு முன்பே உண்டு. ஆனால் தப்பிப்போன கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கு. பிடித்துக் கொடுத்த தொண்டைமான் பேர் வசவாகவில்லை. எட்டப்பன் பேர் ஆனது. மேடைப் பேச்சும் நாடகமும் 1959இல் வந்த சினிமாவும் சேர்ந்து செய்த வேலை அது. சொல்வதற்கும் 'தொண்டைமான்' கம்பீரமாகத்தானே இருக்கிறது, வசவுக்கு ஆகாது. பாரதி பிறந்த ஊரும் எட்டயபுரம்தான் என்பதை எட்டப்பன் வாரிசு என்று தொண்டை கிழியக் கத்துகிறவர் யோசிப்பதில்லை.

ஒரு ஆள் பேர் பொதுப் பேராவது இங்கே மட்டும் நடந்ததில்லை. வங்காளத்தில் 1757 பிளாசிப் போருக்குப் பிறகு மீர் ஜாபர். நார்வேயை 1940இல் ஹிட்லர் படை பிடித்தபோது அதற்குத் துணை போன குவிஸ்லிங் பேர், அவர் உயிரோடு இருக்கும்போதே ஆங்கிலத்தில் துரோகி என்ற பொருளில் வழங்க ஆரம்பித்துவிட்டது.

அப்ப வேலுத்தம்பி? அவரு தியாகியா கலகக்காரரா?

நம்ம தலக்குளத்துக்காரர். 1809 ஜனவரியில் குண்டறையில் பிரகடனம் செய்து கும்பினியை எதிர்த்தார். தோற்று, மண்ணடியில் உயிரை விட்டார். கும்பினிக்கு அவர் கலகக்காரர். செத்த உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். இன்று அதே ஊரில் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் அவர் சிலை நிற்கிறது. எந்த வருடத்தில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

எட்டாம் வகுப்பு படிக்கியேன். புத்தகத்துல வ.உ.சி.யைத் தீவிரவாதின்னு போட்டிருக்கு. அது தப்புதானே தாத்தா?

கேட்ட பிள்ளை கொண்டுவந்தது வீட்டுப் பரணில் கிடந்த பழைய புத்தகம். ஆனால் நல்ல கேள்வி. 1907இல் சூரத்தில் காங்கிரஸ் உடைந்தது. ஆங்கிலேயரிடம் மனு போட்டுப் பேசி வாங்கலாம் என்றவர்கள் ஒரு பக்கம், சுதேசி, அந்நியத் துணி பகிஷ்காரம் என்றவர்கள் மறுபக்கம். முதலாமவர் மிதவாதி, இரண்டாமவர் தீவிரவாதி. திலகரோடு நின்ற வ.உ.சி.யும் பாரதியும் தீவிரவாதிகள். அந்தச் சொல்லில் அப்போது துப்பாக்கி வாசனை இல்லை.

பிற்பாடு பத்திரிகைகள் குண்டு வைக்கிறவனுக்கும் அதே சொல்லை எழுதப் பழகிவிட்டன. சொல்லின் பொருள் நகர்ந்துவிட்டது, பழைய புத்தகம் நகரவில்லை. அதனால் இப்போது 'தீவிர தேசியவாதிகள்' என்று எழுதுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அன்று சங்கடமான பேர் மிதவாதி என்பதுதான். பிச்சைக்கார அரசியல் என்று அவர்களைக் கேலி செய்தார்கள்.

இந்தப் பேரு வைக்கிற கலையைத் திராவிடக் கட்சிக்காரங்கதான் தொடங்கி வச்சாவளா?

தொடங்கவில்லை என்பது மேலே உள்ள பதில்களிலேயே தெரியும். ஆனால் அவர்கள் அதில் கெட்டிக்காரர்கள், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 1949இல் அண்ணாவும் மற்றவர்களும் பெரியாரை விட்டுப் பிரிந்து செப்டம்பர் 17இல் திமுக தொடங்கினார்கள். கண்ணீரோடு பிரிகிறோம் என்ற தொனியில் அவர்கள் எழுதியதையும் பேசியதையும் பிடித்துக்கொண்டார் பெரியார். அன்றிலிருந்து அவர் பேச்சில் திமுகவுக்குப் பேர் 'கண்ணீர்த்துளிகள்'. தலைவர் பேரும் இல்லை, கட்சிப் பேரும் இல்லை, வெறும் கண்ணீர்த்துளி. எதிராளி தன் வாயால் சொன்னதையே எடுத்து அவன் முதுகில் ஒட்டுவதுதான் நல்ல வட்டப்பேரின் லட்சணம்.

காங்கிரஸ் மேடையில் திமுக 'கூத்தாடிக் கட்சி'. நேரு 1953இல் சொன்ன 'நான்சென்ஸ்' என்ற ஒரு சொல்லுக்காகவே திமுக ரயில் மறியல் நடத்தியது. அந்த ஜூலை மாத மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை அது. இன்னொரு முனை ராஜாஜியின் புதிய தொடக்கக் கல்வித் திட்டம். அரைநாள் பள்ளி, அரைநாள் வீட்டுத் தொழில் என்ற அந்தத் திட்டத்துக்குக் 'குலக்கல்வி' என்று எதிர்ப்பாளர்கள் வைத்த பேர்தான் இன்றைக்கும் நிற்கிறது. அரசாங்கம் வைத்த பேரைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. ராஜாஜியையே திமுகவினர் 'குல்லுகப் பட்டர்' என்றார்கள். மனுவுக்கு உரை எழுதியவர் பேர் அது.

இனிதான் சுவாரசியம். 1967இல் குல்லுகப் பட்டரின் சுதந்திராக் கட்சி திமுக கூட்டணியில். ஜெயித்த கையோடு அண்ணா திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். இந்த அமைச்சரவையே பெரியாருக்குக் காணிக்கை என்றார். பதினெட்டு வருடம் ஒருத்தரை ஒருத்தர் திட்டிய சொல்லெல்லாம் அந்த ஒரு மாதத்தில் காலாவதியாகிப் போனது. அதை நம்பித் தேநீர்க்கடையில் பக்கத்து வீட்டுக்காரனோடு பேச்சை முறித்துக்கொண்டவர்களைத்தான் யாரும் சேர்த்து வைக்கவில்லை.

'பாண்டி'ன்னு சொன்னா எங்க தாத்தா அடிக்கப் போவாராம். அதுல அப்படி என்ன இருக்கு?

சொல்லின் அர்த்தத்தைப் பார்த்தால் ஒன்றுமில்லை. பாண்டி நாட்டுக்காரன், அவ்வளவுதான். மலையாள நாட்டில் அதை எந்த இழுப்போடு சொன்னார்கள் என்பதில்தான் விஷயம். தலை வாரத் தெரியாதவன், குளிக்காதவன், நாகரிகம் இல்லாதவன் என்ற எல்லா அர்த்தமும் அந்த மூன்றெழுத்துக்குள் வைத்துச் சொல்வார்கள். திருவனந்தபுரத்தில் வேலைக்கும் படிப்புக்கும் போன தென் திருவிதாங்கூர்த் தமிழர்கள் கேட்டது இதைத்தான். சொந்த நாட்டிலேயே பிறத்தியான் என்று சொல்லும் சொல்.

அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் அன்று திருவிதாங்கூர். தமிழ்ப் பகுதிகள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் பாடுபட்டது. 1954 தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையில் 12 இடம். அந்த வருடம் ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு. ஆட்சியில் இருந்தது பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் மந்திரிசபை. சொந்தக் கட்சி ஆட்சி ராஜினாமா செய்ய வேண்டும் என்று ராம் மனோகர் லோகியா சொன்னார். ஆட்சி விலகவில்லை. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. உங்கள் தாத்தாவுக்குப் 'பாண்டி' என்ற சொல்லோடு இவ்வளவும் சேர்ந்துதான் காதில் விழும். அடிக்கப் போகாமல் என்ன செய்வார்?

இதற்கு ஒரு பின்கதை உண்டு. தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். திருநெல்வேலிக்குப் படிக்கப் போனேன். விடுதியில் எனக்கு வைத்த வட்டப்பேர் 'மலையாளத்தான்'. நாங்களும் சளைக்கவில்லை, கிழக்கே இருந்து வந்தவனையெல்லாம் 'பாண்டிக்காரன்' என்றுதான் சொன்னோம், இன்றும் சொல்கிறோம். அப்பாவை வதைத்த சொல்லைப் பிள்ளை அடுத்தவன்மேல் எறிந்தான்.

எம்ஜிஆரை மலையாளின்னு சொன்னாவளே, அது வட்டப்பேரா, உண்மையா?

இரண்டும்தான், அதனால்தான் அது வேலை செய்யும் என்று நினைத்தார்கள். அவர் கண்டியில் பிறந்தவர், குடும்பம் பாலக்காட்டுப் பக்கம். 1972 அக்டோபரில் தனிக்கட்சி தொடங்கும்வரை திமுகவில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிரிந்த பிறகுதான் மேடையில் அது நினைவுக்கு வந்தது. உண்மையான தகவல்கூட, சொல்கிற நேரத்தைப் பொறுத்து வசவாகும். 1977இல் ஜனங்கள் போட்ட ஓட்டைப் பார்த்தால் அந்தச் சொல் எடுபடவில்லை.

கம்யூனிஸ்டுகளை உண்டியல் குலுக்கின்னு ஏன் சொல்லுதாவ?

பெரிய முதலாளி பணம் இல்லாததால் கடைத்தெருவில் உண்டியல் ஏந்திக் கட்சி நடத்தினார்கள், அதனால். பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா அப்படி ஏந்தியவர்தான். இந்த ஊரில் யாராவது அவரைக் கேலியாக உண்டியல் என்று சொல்லி நான் கேட்டதில்லை. சில பேரிடம் வட்டப்பேர் ஒட்டாது.

சங்கி, உ.பி., ர.ர., தும்பி, அணில்... இதெல்லாம் எங்கேருந்து முளைச்சது?

சங்கி, சங் பரிவார் என்பதன் சுருக்கத்திலிருந்து. வட இந்தியாவிலும் இதே சொல்தான். உ.பி. என்பது உடன்பிறப்பு. கருணாநிதி தொண்டர்களுக்கு எழுதிய கடிதங்களில் 'உடன்பிறப்பே' என்று விளித்தது. ர.ர. ரத்தத்தின் ரத்தம், எம்ஜிஆர் மேடையில் அழைத்தது. தும்பி, சீமான் தன் கட்சியினரை அழைக்கும் 'தம்பி' என்பதன் திரிபு. அணில், விஜய் ரசிகர்களை மற்ற நடிகரின் ரசிகர்கள் கேலி செய்தது. 2024 பிப்ரவரியில் தமிழக வெற்றிக் கழகம் அறிவிக்கப்பட்டதும் சினிமாக் கொட்டகை வசவு அரசியல் வசவாகப் பதவி உயர்வு பெற்றது.

கண்ணீர்த்துளிக்குச் சொன்ன லட்சணம் இங்கேயும் பொருந்துவதைப் பாருங்கள். உடன்பிறப்பு, ரத்தத்தின் ரத்தம், தம்பி மூன்றும் தலைவன் தொண்டனைப் பாசத்தோடு கூப்பிட்ட சொற்கள். எதிராளி அதைச் சுருக்கினான். சுருக்கியதும் பாசம் போய் இளக்காரம் வந்துவிட்டது. உ.பி.க்கு முன்னால் இருநூறு ரூபாயையும் சேர்த்தால், காசுக்குக் கூவுகிறவன் என்றாகிவிடும்.

தற்குறின்னா கெட்ட வார்த்தையா சாரே? என் மவன் தினமும் டைப் பண்ணுகான்.

கெட்ட வார்த்தை இல்லை, ஆனால் கொஞ்சம் யோசிக்க வேண்டிய வார்த்தை. தன் குறி, தற்குறி. கையெழுத்துப் போடத் தெரியாதவர் பத்திரத்தில் தன் கையால் இடும் கீறல். பிறகு அந்தக் கீறலை இடுகிறவருக்கே பேராகிவிட்டது. நம்ம வீடுகளில் பழைய பிரமாணப் பெட்டியைத் திறந்து பாருங்கள், உங்கள் பூட்டனின் தற்குறி அதில் இருக்கும். பள்ளிக்கூட வாசல்கூட மிதிக்க விடாத காலத்து மனிதர்களின் கீறல். உங்கள் மவன் டைப் பண்ணும்போது அதையும் ஒருதரம் காட்டுங்கள்.

திட்டின பேரையே எடுத்து நாமளே சூடிக்கிட்டா ஜெயிச்சிரலாமா?

ஜெயித்தவர்கள் உண்டு. 1566இல் பிரசல்ஸ் நகரில் நெதர்லாந்துப் பிரபுக்கள் கூட்டமாக மனு கொடுக்க வந்தபோது, 'இவர்கள் வெறும் பிச்சைக்காரர்கள்' என்று ஸ்பெயின் அரசின் ஆளுநர் மார்கரெட்டிடம் ஒருவர் சொன்னார். பிரபுக்கள் விருந்தில் பிச்சைப் பாத்திரத்தைச் சுற்றிவிட்டு, பிச்சைக்காரர்கள் என்பதையே கட்சிப் பேராக வைத்துக்கொண்டார்கள். 1572இல் 'கடல் பிச்சைக்காரர்கள்' பிரில் துறைமுகத்தைப் பிடித்ததில் ஸ்பெயினுக்கு எதிரான போர் சூடு பிடித்தது. இங்கிலாந்தில் 1906இல் பெண்களுக்கு ஓட்டுக் கேட்டவர்களைச் சிறுமைப்படுத்த ஒரு பத்திரிகை 'சஃப்ரஜெட்' என்று எழுதியது. அந்தப் பெண்கள் அதையே தங்கள் பத்திரிகைக்குத் தலைப்பாக்கினார்கள். 2014இல் மோடியைப் பார்த்து ஒரு காங்கிரஸ் தலைவர், வேண்டுமானால் இங்கே டீ விற்கலாம் என்றார். அடுத்த மாதமே டீக்கடை அரட்டை தேர்தல் பிரசாரமாகிவிட்டது.

தோற்றவர்களும் உண்டு. ரஷ்யாவில் 1903 மாநாட்டில் ஒரு வாக்கெடுப்பில் லெனின் பக்கம் அதிக ஓட்டு. அவர்கள் 'பெரும்பான்மையினர்', போல்ஷ்விக். மார்த்தோவ் பக்கம் 'சிறுபான்மையினர்', மென்ஷ்விக். பின்னால் பல சமயம் மென்ஷ்விக்குகளுக்கு ஆள்பலம் அதிகமாக இருந்தும் அந்தப் பேரை உதறவில்லை. நான் சின்னக் கட்சி என்று நெற்றியில் எழுதிக்கொண்டு எவன் ஓட்டுக் கேட்பான்? சூடிக்கொள்ள வேண்டுமென்றால் அந்தப் பேருக்குள் உங்கள் கூட்டத்துக்குப் பெருமையான ஒன்று ஒளிந்திருக்க வேண்டும். பிச்சைப் பாத்திரத்திலும் டீ கிளாஸிலும் அது இருக்கிறது. எட்டப்பனில் இல்லை. அதை யாரும் சூடியதாகச் சரித்திரம் இல்லை.

பாசிஸ்டுன்னா பாசிஸ்டுன்னுதானே சொல்லணும்? அதையும் வசவுன்னா எப்படி?

இது கொஞ்சம் சிக்கல். பாசிஸ்ட் என்பது வட்டப்பேராகப் பிறக்கவில்லை. 1919இல் முசோலினி தானே வைத்துக்கொண்ட பேர், ரோமாபுரி அதிகாரிகளுக்கு முன்னால் கோடரியோடு கட்டிக் கொண்டுபோன பிரம்புக் கட்டு அதன் மூலம். அந்தச் சொல்லுக்குச் சொல்லக்கூடிய அடையாளங்கள் உண்டு: ஒற்றைத் தலைவன், ஒற்றைக் கட்சி, எதிர்ப்பவனை அடிக்கத் தனிப்படை. அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சொன்னால் அது மதிப்பீடு. காட்டாமல் சொன்னால் வசவு.

வசவாகச் சொன்னதற்கு விலை கொடுத்த கதையும் இருக்கிறது. 1928க்குப் பிறகு மாஸ்கோ வழி நடந்த கம்யூனிஸ்டுகள், ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியினரை 'சமூக பாசிஸ்டுகள்' என்றார்கள். பக்கத்தில் நிற்கிறவனைப் பாசிஸ்ட் என்று சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அசல் ஆள் ஹிட்லர் 1933 ஜனவரியில் ஆட்சிக்கு வந்துவிட்டான். இரண்டு கூட்டத்தையும் ஒரே முகாமில் அடைத்தான்.

ஆயாராம் கயாராம்னு ஒரு ஆளு உண்டுமா?

கயாலால் என்று ஒருவர் இருந்தார். ஹரியானாவில் ஹசன்பூர் எம்எல்ஏ. 1967இல் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். வந்த ராமன், போன ராமன் என்ற கேலி நாடு முழுக்கப் பரவியது. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்தது. வட்டப்பேர் சட்டத்துக்குப் பதினெட்டு வருடம் முந்தி வந்துவிட்டது.

மேடையில யூதாசுன்னு சொன்னா அது அரசியலா, மதமா?

மதுரையில் சொன்னால் அரசியல். இங்கே எந்தத் தெருவில், யார், யாரைச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். கட்சிக்குள் காலை வாரியவனை ஒரு கிறிஸ்தவர் யூதாஸ் என்றால் அது நம்ம ஊர் எட்டப்பன், யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். சகுனி, கூனி, விபீஷணன் மாதிரிதான். விபீஷணனைப் பெருமாள் கோயில் மரபில் ஆழ்வார் என்பார்கள், மேடையில் துரோகி என்பார்கள், அதுவும் சண்டை இல்லாமல் போகிறது.

ஆனால் 1982இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைப் பார்த்தவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் வட்டப்பேர்களின் கனம் மாறிவிட்டது. கட்சிக்காரனைச் சொல்வதாக நினைத்து ஒருவர் சொன்னது, கடற்கரையில் ஒரு ஊரையே சொன்னதாகப் போய்ச் சேரும். அந்த வருடம் நான் பேசிய சில பேச்சுகளை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. மதம், சாதி பேரால் பகை மூட்டி ஓட்டுக் கேட்பது 1951ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவில் ஊழல் நடவடிக்கை. ஜெயித்தவர் பதவியே போகலாம்.

என்னை குரூப்ல கேவலமா ஒரு பேரு சொல்லிட்டான். கேஸ் குடுக்கலாமா?

சங்கி, உ.பி., தற்குறி மாதிரியான சொல்லுக்காகப் போனால் காலும் காசும்தான் தேயும். அவதூறு வழக்கு (2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவு) போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து முடிகிறதில்லை, நீங்கள்தான் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் போட வேண்டும். உங்களைப் பற்றிக் குறிப்பான ஒரு பொய்யைச் சொல்லி, அதனால் பேர் கெட்டது என்று காட்ட வேண்டும். 'லஞ்சம் வாங்கினான்' என்பதும் 'பச்சோந்தி' என்பதும் ஒன்றில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பொது இடத்தில் சாதிப் பேர் சொல்லி இழிவுபடுத்தினால் கதையே வேறு, 1989ஆம் வருடச் சட்டம் இருக்கிறது.

குரூப் அட்மினை மாட்டிவிடலாமா என்றும் ஒருவர் கேட்டார். அட்மினாக இருந்தது மட்டுமே குற்றம் ஆகாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021இல் சொல்லியிருக்கிறது. பிறகு, நாடாளுமன்றத்திலேயே அவைக்குறிப்பிலிருந்து நீக்கிய சொற்களுக்குத் தொகுப்பு போடுகிறார்கள். 2022இல் வந்ததில் சகுனியும், வடநாட்டு எட்டப்பனான ஜெய்சந்தும் இருந்தார்கள். அவர்களுக்கே அந்த நிலைமை.

நீங்க இவ்வளவு பேசுதியளே, யாரையும் அப்படிச் சொன்னதே கெடையாதா?

1977 தேர்தலில் எனக்கு இருபது வயது. என் தாய்மாமன் கதர் சட்டை, காங்கிரஸ். எமர்ஜென்சி முடிந்த சூடு. இரணியல் பக்கம் சந்தியில் நாலு பேர் நிற்கும்போது அவரைப் பார்த்து 'காங்கிரஸ் பெருச்சாளி வருது' என்றேன். அவர் ஒரு பைசா தின்றவர் இல்லை, காங்கிரசுக்காக வயல் விற்றவர். கேட்டது கேட்காத மாதிரி நடந்து போனார். நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

என் கல்யாணத்துக்கு வந்தார், தாய்மாமன் முறையெல்லாம் குறைவில்லாமல் செய்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் அவருக்கு ஞாபகப்படுத்தியது மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் இறந்து பதினாறு வருடம் ஆகிறது. போன மாசம் அத்தையைப் பார்க்க இரணியல் சந்தியில் ஆட்டோ ஏறினேன். ஓட்டின பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. குளத்துக்குப் பக்கத்தில் என்று சொல்லி வீட்டுக்கு வழி சொன்னேன். "பெருச்சாளி வீடா?" என்றான். ஆமா என்றேன்.